டீமேக்கர் வீட்டில் வெறும் சுடுதண்ணீர்

போன ஞாயிற்றுக்கிழமை வட்டகொடையிலிருந்து ஓர் இளம் தம்பதி வீட்டுக்கு வந்திருந்தார்கள். என் கணவருக்குத் தூரத்து உறவு. பெண்ணின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது... மசக்கை.

தேத்தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன். மூக்கைச் சுருக்கிக்கொண்டாள்.

"வேணாங்கக்கா... தேத்தண்ணி வாடையே ஆக மாட்டேங்குது. பச்சத்தண்ணி இருந்தா கொஞ்சம் குடுங்க."

"பச்சத்தண்ணியா? வேற வெனையே வேணாம்!" என்று நான் போட்ட சத்தத்தில், அவள் புருஷன் கையிலிருந்த பிஸ்கட் கீழே விழுந்தது.

பாவம், பயந்துவிட்டாள். தண்ணீர் கொதித்து ஆறும்வரை இருவரையும் உட்கார வைத்து ஒரு கதை சொன்னேன். அதை உங்களுக்கும் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. வயிற்றோட்டத்தைப் பற்றிய கதை. சாப்பிட்டுக்கொண்டே இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள் தட்டைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிடுவது நல்லது.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த புதிது. என் கணவர் அப்போது கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் டீமேக்கர், அதாவது கொழுந்தைத் தூளாக்கும் வேலைக்குப் பொறுப்பானவர். ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலைக்கு அடுத்தாற்போல் எங்கள் வீடு. கல்யாணமாகி வெகுநாள் வயிறு திறக்காமல், ஊரார் வாயிலெல்லாம் விழுந்து எழுந்து, கடைசியில் ஒருவழியாக நான் உண்டாகியிருந்தேன். தரையில் கால் பாவவில்லை எனக்கு!

அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது தேயிலை வாசத்தால்.

அதுவரை எனக்குப் பிடித்த வாசம்தான் அது. திடீரென்று ஒருநாள் காலையில் ஸ்டோர் பக்கமிருந்து காற்று வீசியது... வாசலுக்கு ஓடினேன். அன்றையிலிருந்து தினமும் அதே பாடு. மூன்று மாதத்தோடு போய்விடும் என்றார்கள். நான்கானது. போகவில்லை. தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு தேயிலை வாசம் ஆகாது என்றால் எங்கே போவது? கடலுக்குள்ளே இருக்கும் மீனுக்கு உப்பு ஆகாத கதைதான்.

வாசம் வெளியிலிருந்து வந்தால் ஜன்னலைச் சாத்தலாம். புருஷனோடு சேர்ந்து வீட்டுக்குள்ளே வந்தால்? அவர் கோட்டில் தேயிலை. தலைமுடியில் தேயிலை. நகக்கண்ணில் தேயிலை.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன்" என்பேன்.

"இந்த வாசத்துக்குத்தான் சீமையில உள்ளவன் காசு குடுத்து வாங்குறான். நீ என்னடான்னா மூக்கப் புடிக்கிற" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனாலும் முகம் சுண்டிவிடும். தொழில்காரருக்கு வேறு எதைச் சொன்னாலும் பொறுக்கும், தொழிலைச் சொன்னால் பொறுக்குமா?

நான் தேத்தண்ணீர் குடிப்பதை அடியோடு நிறுத்தினேன். தாகத்துக்கு வீட்டுக்குப் பின்னால் இருந்த பீலித் தண்ணீர். மலையிலிருந்து மூங்கில் வழியாக வந்து விழும் தண்ணீர். கண்ணாடி மாதிரி இருக்கும், பல்லைக் கூச வைக்கும் குளிர்ச்சி. ஒரு செம்பு குடித்தேன். குமட்டல் அடங்கியது. இன்னொரு செம்பு குடித்தேன். சோறுகூட இறங்கியது. அடடா, கையில் மருந்தை வைத்துக்கொண்டா இத்தனை நாள் அவஸ்தைப்பட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

சில நாள்தான் அந்தச் சொகுசு. பிறகு வயிறு முறுக்க ஆரம்பித்தது. அதன்பின்... கக்கூஸ் வீட்டுக்குப் பின்னால், படிக்கட்டு இறங்கிப் போக வேண்டும். அடைமழைக் காலம். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நான் ஏறி இறங்கிய கணக்கு எனக்கும் அந்தப் படிக்கட்டுக்கும்தான் தெரியும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், யாரும் பதறவில்லை! கர்ப்பிணிக்கு எது வந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான் வைத்திருந்தார்கள். வாந்தியா? மசக்கை. தலைசுற்றலா? மசக்கை. வயிற்றோட்டமா? அதுவும் மசக்கையேதான். வீட்டு வேலைக்கு ஒத்தாசையாக, தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து வரும் பாக்கியம் ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தாள். கொய்யாக் கொழுந்தை மெல்லச் சொன்னாள்.

"சாயத்தண்ணி கடுப்பா ஊத்திக் குடிச்சா கட்டிக்கும்மா" என்று கடைசியில் அங்கேதான் வந்து நின்றாள்.

சாயத்தண்ணி என்றால் பால் இல்லாத தேத்தண்ணீர். அதைச் சொன்னதற்கே எனக்கு ஒருதரம் குமட்டியது.

தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனோம். அங்கிருந்த டிஸ்பென்சரை எல்லாரும் டொக்டரையா என்றுதான் கூப்பிடுவார்கள். ரோஸ் நிறத்தில் ஒரு போத்தல் மருந்து கொடுத்தார். "மசக்கைதாம்மா, பயப்படாதீங்க" என்றார். அவருமா!

பயப்படாமல் எப்படி இருப்பது? அதற்குச் சில நாள் முன்னால்தான் வயிற்றுக்குள் முதல் அசைவை உணர்ந்திருந்தேன். உள்ளே யாரோ மெதுவாக விரலால் தட்டிப் பார்ப்பது போல. இப்போது அது நின்றுபோயிருந்தது. ஒவ்வொரு முறை வயிறு முறுக்கும்போதும் பிள்ளையும் சேர்ந்து நழுவிவிடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வெளியில் சொல்லவும் பயம். சொன்னால் அது நடந்துவிடுமோ என்று ஒரு முட்டாள்தனமான பயம்.

எழுந்து நிற்க முடியாமல் போனபோதுதான் என் கணவர் ஸ்டோரிலிருந்து ஓடிப்போய் டொக்டரையாவை வீட்டுக்கே கூட்டிவந்தார். அவர் என் புறங்கைத் தோலை இழுத்துவிட்டுப் பார்த்தார். நீர் வற்றிய தோல், இழுத்தபடியே நின்றது. முகம் மாறிவிட்டது.

"அசைவு தெரியுதாம்மா?"

தலையாட்டினேன், இல்லையென்று. அப்போதுதான் அது என் கணவருக்கும் தெரியும். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுல வேற யாருக்கும் வயித்தால போகுதா?"

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றார் கணவர்.

"ரெண்டு பேரும் ஒரே சாப்பாடுதானே? நீங்க குடிக்கிறது என்ன?"

"தேத்தண்ணி."

"அம்மா?"

"தண்ணிங்க. பீலித் தண்ணி" என்றேன்.

"காய்ச்சியா?"

நான் விழித்தேன். பீலித் தண்ணீரை யாராவது காய்ச்சுவார்களா?

டொக்டரையா தலையில் கை வைத்துக்கொண்டார். "மொதல்லயே கேக்காம விட்டுட்டேனே... பீலிக்கு மேல லயம் இருக்கு, மாட்டுப்பட்டி இருக்கு. பெய்யிற மழையில அம்புட்டும் கழுவிக்கிட்டு வருது. இந்தத் தோட்டத்துல தண்ணி கொதிக்கிறதே தேத்தண்ணிக்குத்தாம்மா. நீங்க தேயிலைய விட்டீங்க, அதோட கொதிக்க வைக்கிறதையும் விட்டுட்டீங்க."

யோசித்துப் பாருங்கள். ஆயுசு பூராவும் கொதித்த தண்ணீரைக் குடித்து வந்திருக்கிறோம், அது எங்களுக்கே தெரியாது. தேயிலை காப்பாற்றுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். காப்பாற்றியது அடுப்பு!

மருந்தை மாற்றிக் கொடுத்தார். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும், காய்ச்சிய தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கச் சொன்னார். "காலையில வரைக்கும் பாப்போம். நிக்கலன்னா நுவரெலியா ஆஸ்பத்திரிதான். நான் லொறிக்குச் சொல்லி வைக்கிறேன்" என்றார். அந்த ரோட்டில், அந்த லொறியில், இந்த வயிற்றோடு... மூவருமே அதை நினைத்தோம்.

என் கணவர் அன்று ஸ்டோருக்குத் திரும்பிப் போகவில்லை. கொழுந்து மலையாகக் குவிந்திருக்கும் நேரத்தில் ஒரு டீமேக்கர் அப்படிச் செய்வது லேசான காரியமில்லை. கந்தப்பளைக் குளிரில், பீலியடியில் நின்று தலையோடு குளித்தார். கோட்டை வெளியே கொடியில் போட்டார். கேத்தலில் தேயிலை வாசம் இருக்கும் என்று அதை ஒதுக்கிவிட்டு, சோற்றுப் பானையில் தண்ணீர் காய்ச்சினார். அடுப்பு ஊதிப் பழக்கமில்லாத மனிதர். வீடெல்லாம் புகை. டம்ளரில் ஊற்றி, ஆற்றி, ஒவ்வொரு மடக்காகக் கொடுத்தார்.

பாக்கியம் எட்டிப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள். எங்கள் பக்கத்தில் டம்ளரில் வெறும் சுடுதண்ணீர் கொடுத்தால், அந்த வீட்டில் தேயிலைத் தூளுக்குக்கூட வழியில்லை என்று அர்த்தம். ஓசைப்படாமல் போனவள், சற்று நேரத்தில் ஒரு காகிதப் பொட்டலத்தோடு திரும்பினாள்.

"மாச முடிவுல எங்க வீட்டுலயும் இப்புடித்தாங்கய்யா. இத வச்சுக்குங்க."

பொட்டலத்தில் ஒரு பிடி தேயிலைத் தூள். தோட்டத்துத் தேயிலை முழுவதையும் தன் கையால் தயாரிக்கிற டீமேக்கருக்கு! அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வேறென்ன செய்வார்? விஷயம் லயம் முழுக்கப் பரவி, டீமேக்கரையா ஸ்டோரிலிருந்து ஒரு சிட்டிகைகூட வீட்டுக்குக் கொண்டுபோகாத உத்தமர் என்று பெயரும் வாங்கிவிட்டார்.

விடியும்போது வயிற்று முறுக்கல் விட்டிருந்தது. லொறி தேவைப்படவில்லை. ஆனால் எனக்கு அதில் நிம்மதி இல்லை. நான் பிழைத்தேன், சரி... உள்ளே?

அன்று முழுவதும் வயிற்றின்மேல் கையை வைத்தபடியே படுத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. ஒவ்வொரு டம்ளர் கொடுக்கும்போதும் என் முகத்தை மட்டும் பார்ப்பார். நானும் பார்வையைத் திருப்பிக்கொள்வேன்.

மத்தியானம் தாண்டி ஒரு மடக்குத் தண்ணீர் இறங்கியபோது, உள்ளே மெதுவாக ஒரு தட்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். மறுபடியும், கொஞ்சம் பலமாக. நான் அழுதுவிட்டேன். அந்த முரட்டுப் பெண் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், இன்னும் அதே உதைதான்.

"என்னங்க... அசையுதுங்க" என்றேன்.

அவருக்குக் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது, புகைதான் காரணம் என்பது போல அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு என் கையிலிருந்த டம்ளரை வாங்கி, மிச்சமிருந்த சுடுதண்ணீரை ஸ்டோரில் டீ ருசி பார்ப்பது போல 'சர்ர்ர்' என்று உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றி விழுங்கினார்.

"நல்ல டீதான். சாயம் மட்டும் கொஞ்சம் கம்மி."