மூடியின் உட்புறம்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்து. கேசட்டைத் திறந்தேன். வடிதாள் மடிப்பில் ஒன்றும் இல்லை.

தஞ்சாவூரில் ஓர் ஆய்வகத்தின் திசுப் பிரிவில் அப்போது நான் பயிற்சி மாணவி. நோயாளியிடம் எடுத்த சதைத் துணுக்கைப் பாட்டிலிலிருந்து வடிதாளுக்கு மாற்றி, மடித்து, கேசட் என்கிற சிறு பெட்டியில் வைப்பது என் வேலை. இரவு முழுவதும் அது இயந்திரத்தில் பதமாகும். காலையில் மெழுகில் பதிக்க வேண்டும். முந்தைய நாள் மாலை, திருக்காட்டுப்பள்ளி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், துணுக்கு தாளில் விழுந்ததா என்று பார்க்காமலே மடித்திருந்தேன்.

படிவத்தைப் பார்த்தேன். பேராவூரணி, ஆண், ஐம்பத்தெட்டு வயது, இரைப்பை, ஒரே துணுக்கு. எடுக்கும்போதே ரத்தம் கசிந்ததாக ஓரத்தில் ஒரு குறிப்பு. இன்னொரு முறை குழாய் விட்டுத் துணுக்கு எடுப்பது அவருக்கு ஆபத்து.

இடுக்கி, தட்டு, மேசை விளிம்பு, குப்பைக்கூடை எல்லாம் தேடினேன். பாட்டிலைத் திறந்து வெளிச்சத்தில் மூன்று முறை பார்த்தேன். யாருக்கும் தெரியாமல் கிடைத்துவிட வேண்டும் அந்தோனியாரே என்று முணுமுணுத்தபடி இருந்தேன். மணி பத்தைத் தாண்டியது.

மூத்த டெக்னீஷியன் பரமேஸ்வரி அக்கா கவனித்துவிட்டார்.

"என்னடி, காலையிலேர்ந்து கூடையைக் கிளறிட்டிருக்க?"

சொன்னேன். அவர் முகம் மாறியது.

"தொலைஞ்சதைத் தேடித் தருவார்னு சொல்வியே உங்க அந்தோனியார், அவரைக் கூப்பிடு. ஆனா பதினோரு மணிக்கு டாக்டரம்மா வந்ததும் நீயே சொல்லிடு. நான் சொல்ல மாட்டேன்."

கேலிதான். ஆனால் அப்போதுதான் உறைத்தது. ஒரு மணி நேரமாக நான் எனக்காகவே வேண்டியிருக்கிறேன். அந்த மனிதர் என் ஜெபத்தில் இல்லவே இல்லை. படிவத்திலிருந்த பெயரைச் சொல்லி வேண்டினேன். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

பாட்டிலை மூடப் போனேன். மூடியின் உட்புறம், மரை ஓரத்தில், ஈரத்தோடு ஒட்டியிருந்தது. குறுணை அளவு. மூன்று முறை தேடியபோதும் அந்த மூடி என் இடது கையில்தான் இருந்தது.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். நடந்ததைப் பதிவேட்டில் என்னையே எழுதச் சொன்னார். எழுதினேன்.

இன்று அதே பிரிவில் வேலை செய்கிறேன். மூடியைப் பார்க்காமல் எந்தப் பாட்டிலையும் கீழே வைப்பதில்லை. காலையில் படிவங்களின் பெயர்களைச் சொல்லி வேண்டிய பிறகே வேலையைத் தொடங்குகிறேன். எதையோ தொலைத்துவிட்டுத் தவிக்கும் சகோதர சகோதரிகளே, அதனால் யாருக்குப் பாதிப்போ அவர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஆண்டவர் எனக்குச் செவிகொடுத்தார். உங்களுக்கும் கொடுப்பார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமையே பேராவூரணிக்காரரின் அறிக்கை போனது: புற்றுநோய். மூன்று வாரம் கழித்து, அறுவை சிகிச்சையில் எடுத்த அவருடைய இரைப்பைப் பகுதி ஒரு பெரிய டப்பாவில் எங்கள் மேசைக்கு வந்தது. மூடியை நான்தான் திறந்தேன்.