புதிதாக வந்தவருக்கே முதலிடம்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் புராஜெக்ட் மேடம் என்னைக் கூப்பிட்டார். திரையில் இருந்த சோதனை முடிவு வரைபடத்தில் ஒரே ஒரு பள்ளத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இந்த ஒரு நாளை மட்டும் எடுத்துடுப்பா. அது நார்மல் நாள் இல்லை."

வியாழக்கிழமை ரெவ்யூ கமிட்டி. எங்களுடையது அரசாங்கப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி. இன்னும் ஆறு மாதம் நடத்தலாமா, இழுத்து மூடலாமா என்று டெல்லியிலிருந்து வருபவர்கள் சொல்வார்கள். மூடினால் முதலில் வெளியே போவது ஒப்பந்தத்தில் இருக்கும் நான்தான். மற்ற நாள்களெல்லாம் வரைபடத்தில் அழகாக ஏறி நிற்கின்றன. அந்த நாள் மட்டும்... தலைகுப்புற.

எடுத்துவிட வேண்டியதுதானே? அதில்தான் சிக்கல். அந்த நாளில் சோதனை நடந்த இடத்திலேயே நான் இருந்தேன்.

'நீ அப்படி என்னதான் வேலை பார்க்கிறாய்?' என்று கடிதம் போடும் வாசகர்கள் இருக்கிறார்கள். வீட்டிலும் இதே கேள்விதான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பெங்களூர் பீன்யாவில் லேத் ஓட்டும் அப்பாவிடம் ஒருமுறை விளக்கினேன்: "ஒரே இன்டர்நெட் லைனுக்கு நிறைய கம்ப்யூட்டர் அடிச்சுக்கும்பா. யாரு முன்னாடி, யாரு பின்னாடின்னு வரிசை பண்ணி விடுறது என் வேலை."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "இதுக்கா இன்ஜினியருக்குப் படிச்ச? சிக்னல்ல நிக்கிற ஒரு ஹோம்கார்டு போதுமேடா!"

ஹோம்கார்டைவிட நான் கெட்டிக்காரன் என்றுதான் நம்பியிருந்தேன். என் புரோகிராமின் விதி எளிது. புதிதாக ஒரு பக்கத்தைக் கேட்பவருக்கு முதலிடம். ஏற்கெனவே கொஞ்சம் வாங்கிவிட்டவர் பின்னால் போக வேண்டும். ஒருவர் அரை மணி நேரமாகச் சினிமாப் பாட்டு இறக்கிக்கொண்டிருந்தால், ஒரு மெயில் பார்க்க வந்தவர் ஏன் காத்திருக்க வேண்டும்? நியாயம்தானே? லேபில் நியாயமாகத்தான் இருந்தது.

நிஜத்தில் சோதிக்க இடம் கொடுத்தவர் அல்சூரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் யூசுஃப் பாய். எட்டு கம்ப்யூட்டர்கள். மொட்டை மாடி ஆன்டெனா வழியாக வரும் ஒல்லியான ஒரே வயர்லெஸ் இணைப்பு. இரண்டுக்கும் நடுவே எங்கள் புரோகிராம் ஓடும் பழைய பெட்டி ஒன்று.

பள்ளம் விழுந்த அந்த நாளில் பி.யூ.சி. ரிசல்ட், அதாவது இங்கத்து பிளஸ் டூ.

படிக்கட்டு வரை கூட்டம். பக்கம் திறக்கவில்லையா? ரிஃப்ரெஷ் தட்டு. இன்னும் வரவில்லையா? மறுபடி தட்டு. பிள்ளைகள் தட்டிய தட்டில் கீபோர்டுகள் உயிரோடு இருந்ததே ஆச்சரியம்.

மூலையில் மேரி என்று ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். பொம்மசந்திராவில் கம்பெனி வேலை. அரை நாள் பர்மிஷன் போட்டு, மகளின் நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். மகள் பயந்துபோய் வீட்டைவிட்டு நகர மாட்டேன் என்றுவிட்டாளாம். ஒரு மணிக்குக் கம்பெனி பஸ்.

யூசுஃப் பாய் நம்பரை அடித்துக் கொடுத்து, "இனிமே எதையும் தொடாதீங்கம்மா, தானா வரும்" என்றார். அக்கா தொடவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்தபடி, பாதி திறந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காலேஜ் பெயர் வந்துவிட்டது. அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

பக்கத்து நாற்காலியில் நான்கு பேர் வந்து, தட்டி, பார்த்துவிட்டுப் போனார்கள். அக்கா அப்படியே.

"ஏன் தம்பி, நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டேனா?"

"இல்லக்கா. சர்வர் பிஸி."

முழுப் பொய் இல்லை — சர்வரும் திணறிக்கொண்டுதான் இருந்திருக்கும். ஆனால் யூசுஃப் பாய் விடுவாரா?

"இன்ஜினியர் சாப், உங்க டப்பாவ சொல்ப... கொஞ்ச நேரம் கழட்டிப் பாக்கலாமா?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல பாய்..."

"முதல்ல கழட்டுங்க சாப். சம்பந்தம் அப்புறம் பேசிக்கலாம்!"

பெட்டியை ஓரங்கட்டிவிட்டு வயரை நேராகச் செருகினேன். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு மேரி அக்காவின் வெள்ளையில் வரி வரியாக எழுத்துகள் ஊர்ந்து வந்தன.

"நீங்களே படிங்க தம்பி."

"ஃபர்ஸ்ட் கிளாஸ்க்கா!"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த நொடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "அய்யோ, ஒன்னு இருபது! இந்தப் பாழாப்போன மெஷினால பஸ்ஸ விட்டுட்டேனே!" சிரித்துக்கொண்டே திட்டியபடி படி இறங்கி ஓடினார்.

என்னால் சிரிக்க முடியவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. ரிஃப்ரெஷ் தட்டும் ஒவ்வொருவரையும் என் புரோகிராம் 'புதிதாக வந்தவர்' என்று எண்ணி முன்னால் விட்டிருக்கிறது. தொடாமல் உட்கார்ந்திருந்தவரை, 'இவர்தான் ஏற்கெனவே வாங்கிவிட்டாரே' என்று பின்னால் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. பொறுமைக்குத் தண்டனை! இதை எழுதியவன் யார்? ஸ்காலர்ஷிப் ஃபாரத்துக்கும் ஹாஸ்டல் சீட்டுக்கும் யாரையும் இடிக்காமல் வரிசையில் நின்றே படித்து வந்தவன்.

மேடம் அந்த நாளை எடுக்கச் சொன்ன பிறகு, புதன்கிழமை முழுக்க என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. அல்சூர் ஏரியை இரண்டு சுற்றுச் சுற்றினேன். நார்மல் நாள் என்றால் என்ன? யாரும் எதற்கும் தவிக்காத நாளா? அப்படிப்பட்ட நாளில் பக்கம் இரண்டு நொடியில் வந்தால் என்ன, நான்கு நொடியில் வந்தால் என்ன... யாருக்கு வேண்டும் என் ஆராய்ச்சி?

"எடுக்கலை மேடம்" என்று போய்ச் சொன்னேன். பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "சரி. கேட்டா நீயே பதில் சொல்லிக்கோ."

கேட்டார்கள். கமிட்டியில் இருந்த மீசைக்காரரின் விரல் நேராகப் பள்ளத்துக்குத்தான் போனது. நடந்ததைச் சொன்னேன். "லேபில் சோதித்தபோது இது ஏன் தெரியவில்லை?" என்றார். ஒத்திகை பார்த்து வைத்திருந்த இங்கிலீஷெல்லாம் மறந்துபோயிற்று.

"லேபில் யாருக்கும் அவசரம் இல்லை சார்."

யாரோ சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை.

ஆறு மாதம் கேட்டோம், மூன்று கொடுத்திருக்கிறார்கள். அதுவும் ஒரு நிபந்தனையோடு — விதியைத் திருத்தி, சப்ளிமென்டரி ரிசல்ட் வரும் நாளில், அதே மாதிரி கூட்டத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். அதுவரை எனக்கு வேலை உண்டு. அதற்கப்புறம்? தெரியாது.

நேற்று யூசுஃப் பாயிடம் போய், அன்றைக்கும் அவர் கடையில் சோதிக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"தாராளமா வாங்க சாப்" என்றார். "டீ கூட நானே வாங்கித் தரேன். டப்பாவ மட்டும் எதிர்ல புதுசா சென்டர் தொறந்திருக்கான் பாருங்க... அவன் கடைல வெச்சிடுங்க!"