அம்மாவின் மூச்சுக்காக ஒரு ஹோமம்

அம்மாவுக்கு ஆஸ்துமா. புகை கிட்டவே வரக்கூடாது என்று டாக்டர் சொன்னதும், அப்பா அங்கீட்டி என்ற கரி அடுப்பைப் பால்காரருக்குத் தூக்கிக் கொடுத்தார். எங்கள் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் ஊதுபத்திக்கும் கொசுவர்த்திக்கும் தடை. விருந்தாளி சிகரெட்டை எடுத்தால் வாசலைக் காட்டுவார். மத்திய அரசு குமாஸ்தா அல்லவா, உத்தரவு என்றால் உத்தரவுதான்.

அவ்வளவும் செய்துவிட்டு, அம்மாவின் மூச்சு சரியாக வேண்டுமென்று வருஷா வருஷம் வீட்டுக்குள் ஹோமமும் செய்தார். இது புகை இல்லையா என்று கேட்டால், "அது வேற புகைடி" என்பார். இந்த வித்தியாசத்தை நுரையீரலுக்கு யார் எடுத்துச் சொல்வது?

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஜனவரி. முந்தைய வருஷம் ஜன்னல் வழியே போன புகையைப் பார்த்து, மாடி வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி தீப்பிடித்துவிட்டதென்று நினைத்து "ஆக் லக் கயீ!" என்று கத்திக்கொண்டு பக்கெட் தண்ணீரோடு ஓடி வந்துவிட்டாள். அந்த அவமானம் திரும்ப வேண்டாமென்று அப்பா இம்முறை எல்லா ஜன்னலையும் சாத்தி, இடுக்குகளில் பழைய நியூஸ்பேப்பரைத் திணித்தார். ஹோமத்தில் போடும் சமித்துக் குச்சிகள் வேறு பனியில் நனைந்திருந்தன.

சாஸ்திரிகள் நெய்யை ஊற்ற ஊற்ற, முதலில் அலமாரி மறைந்தது, பிறகு சாஸ்திரிகள். குரல் மட்டும் வந்தது. "கண்ணுல ஜலம் வந்தா நல்லது மாமி. பக்தி."

ஹோமம் முடியும்வரை மனைவி தர்ப்பைப் புல்லால் புருஷனைத் தொட்டபடி பக்கத்தில் உட்கார வேண்டும். அம்மாவின் நெஞ்சில் விசில் கேட்டது. எழுந்திருக்கப் பார்த்தாள்.

"பூர்ணாஹுதி ஆகட்டும். நடுவுல எழுந்தா பலன் போயிடும்" என்றார் அப்பா.

பலன் போய்விடுமாம். ஆள் போனால் பரவாயில்லையா? இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அம்மாவின் உதடு நீலம் பாரித்ததைப் பார்த்து நான் பயந்து அழுதேன். அதையும் பக்தியில் சேர்த்துக்கொண்டார்கள். கடைசியில் அம்மாவே புல்லைப் போட்டுவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு போய், வராந்தாக் கதவைத் திறந்து வெளியே விழாத குறையாக உட்கார்ந்தாள். புகையைப் பார்த்துப் பக்கெட்டோடு வந்த ஆன்ட்டி, அதைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் முதுகைத் தடவினாள். ஒருவழியாக மூச்சு சீரானது.

சாஸ்திரிகள் எட்டிப் பார்த்தார். "பார்த்தேளா, கைமேல் பலன்!"

அப்பா நெகிழ்ந்துபோனார். அடுத்த வருஷமும் ஹோமம் உண்டு என்று அங்கேயே அறிவித்தார். 

அடுத்த வருஷம் ஹோமத்துக்கு முதல் நாள், தர்ப்பைக் கட்டை அவிழ்த்து, புல்லோடு புல்லை முடிந்து நீளமான கயிறாகத் திரித்தாள். மறுநாள் ஒரு நுனியை அப்பாவின் தோளில் சுற்றினாள். மறுநுனியைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். சாஸ்திரிகள் யோசித்துப் பார்த்தார். இதற்கு விதியும் அகப்படவில்லை, விலக்கும் அகப்படவில்லை.

"தொட்டுண்டுதானே இருக்கேன்" என்றாள் அம்மா. "நீங்க அங்க பண்ணுங்கோ. நான் இங்க மூச்சு விடறேன்."