பாய்லருக்கு வைத்த பொட்டு

பட்டணத்து ரயில் பட்டறையில் தொழில் கற்று இன்ஜினியர் என்று பெயர் வாங்கிய நான், ஆரணி அரிசி ஆலையின் நீராவி இன்ஜினோடு மல்லுக்கட்டியே ஓய்ந்துபோனேன். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் முதலாளி, பாய்லரின் அழுத்தம் காட்டும் கண்ணாடி மேலேயே சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைப்பார். உள்ளே இருக்கும் முள் தெரியாது. மறுநாள் நெருப்பு மூட்டுவதற்கு முன் நான் துடைப்பேன்.

"என்னங்க, லட்சுமியோட பொட்ட அழிச்சிகினு கீறீங்க?" என்று முதலாளி பதறுவார்.

"முள்ளு தெரியலன்னா பாய்லர் வெடிச்சிடுங்க."

"பொட்டு வெச்ச பாய்லர் எங்கனா வெடிக்குமா?"

சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். பிறகு பேசாமல் துடைத்தேன். நான் இருந்தவரை பாய்லர் வெடிக்கவில்லை. வேலையை விட்டு நின்ற அன்று, முதலாளி எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "எல்லாம் அந்தப் பொட்டோட மகிமைங்க."