சொசைட்டியை விட்டு விலகிய வருஷம்

எங்கள் ஊர் நீலகிரியில் எமரால்டுக்கு அப்பால், அணைத் தண்ணீர் தெரிகிற சரிவில் இருக்கிறது. மெயின் ரோட்டோரம் கொஞ்சம் வீடுகள், ஒரு மாரியம்மன் கோயில், எங்கள் மளிகைக் கடை, அவ்வளவுதான் ஊர். ரோட்டிலிருந்து ஒரு மண்பாதை வளைந்து வளைந்து இறங்கும். அது முடிகிற இடத்தைக் கீழ் வளைவு என்போம். கூலிக்காகக் கோயமுத்தூர்ப் பக்கமிருந்து மலையேறி வந்து, பிறகு துண்டு துண்டாக நிலம் வாங்கித் தேயிலை வைத்தவர்களின் பிள்ளைகள்தான் இங்கே பெரும்பாலும். எங்களுக்கும் ஒரு துண்டு உண்டு. வீட்டுக்காரர் கடையைப் பார்த்துக்கொள்வார், நான் தேயிலையைப் பார்ப்பேன். எட்டாவது வரை படித்தவள் நான். வியாபாரக் கணக்கெல்லாம் பெரிதாகத் தெரியாது. விடிந்ததும் விளக்கேற்றி, ஆத்தாளை ஒரு கும்பிடு கும்பிட்டுவிட்டு இலை பறிக்கப் போவேன். அவள் இதுவரை கைவிட்டதில்லை.

தேயிலை வைத்தவர்களுக்கு ஒரு பயம் எப்போதும் இருக்கும். பறித்த பச்சை இலையை அன்றைக்கே ஃபேக்டரியில் சேர்த்துவிட வேண்டும். மூட்டையிலேயே கிடந்தால் சூடேறிச் சிவந்துபோகும். சிவந்த இலையை யாரும் வாங்கமாட்டார்கள், குழியில் கொட்டி உரமாக்க வேண்டியதுதான். ஆகவே எங்களுக்கு விலையைவிட லாரிதான் பெரிசு.

ஊரில் எல்லாருமே கூட்டுறவுத் தேயிலைச் சொசைட்டி மெம்பர்கள். நாங்கள் பறிப்பதைச் சொசைட்டியின் ஃபேக்டரிக்குத்தான் கொடுக்க வேண்டும், வெளியில் விற்கக் கூடாது. அதற்குப் பதிலாகச் சொசைட்டி லாரி எங்கள் கடைக்குப் பக்கத்து ஷெட்டுக்கும் வரும், கீழ் வளைவு ஷெட்டுக்கும் இறங்கும். எவ்வளவு இலை இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லாமல் ஏற்றிக்கொள்ளும். ஆனால் விலை குறைவு, பணமும் தாமதம். தனியார் ஃபேக்டரிக்கு இலை பிடிக்கிற ஏஜென்ட், "அத்தனை பேரும் சேர்ந்து வாங்க, விலையும் கூட, கையில உடனே காசு" என்று ஆசை காட்டிக்கொண்டிருந்தார். அவருடைய லாரி மெயின் ரோட்டோடு சரி, கீழே இறங்காது.

வெள்ளைக்காரர்கள் தங்கள் பக்கத்து நாடுகளோடு வைத்திருந்த வியாபாரக் கூட்டை விட்டுப் போவதா இருப்பதா என்று ஓட்டுப் போட்ட வருஷம் அது. ஊட்டி பெர்ன்ஹில்லில் குடியிருந்து, ஆபீசில் கிளார்க்காக வேலை பார்த்து ரிட்டயராகி ஊருக்குத் திரும்பிய மாமா ஒருவர் உண்டு. கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாகப் படிப்பார்.

"பாருங்க, அங்கயும் இதே ரகளைதான். போனா ராஜாவாயிருவோம்கிறான் ஒருத்தன். போனா சோத்துக்கு அலையணும்கிறான் இன்னொருத்தன்."

"அவனுக போறானுகளோ இருக்கறானுகளோ, நாம போயிரோணுங்க மாமா" என்றார் என் கொழுந்தனார். போக வேண்டும் என்ற கட்சிக்கு அவர்தான் தலைவர். கேரட்டு மூட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றிப்போகிற பழைய ஜீப் ஒன்று வைத்திருந்தார்.

"உனக்கென்ன தம்பி, ஜீப்புக்கு வாடகை ஓடும். அதானே சூட்சுமம்?"

"நீங்க பென்ஷன் வாங்கிட்டு உக்காந்திருக்கறீங்க. சொசைட்டிக் காசு எப்ப வந்தா உங்களுக்கென்ன, வராட்டித்தான் என்ன?"

இப்படியே மாதக்கணக்கில் நடந்தது. காலையில் இலை எடை போடும்போது ஷெட்டில், சாயங்காலம் கடையில். அண்ணன் தம்பி பேச்சு நின்ற வீடும் உண்டு. என் வீட்டுக்காரர் மட்டும் எந்தப் பக்கமும் வாய் திறக்கவில்லை. கேட்டால், "ரெண்டு கட்சிக்காரனும் நம்ம கடையிலதான் பருப்பு வாங்கறான்" என்பார்.

நான் இருக்க வேண்டும் என்ற பக்கம். காரணம் கீழ் வளைவு அக்கா. அவர் சிலோன் தேயிலை எஸ்டேட்டிலிருந்து சின்னப் பிள்ளையாகத் திரும்பி வந்தவர். புருஷன் தவறிவிட்டார். மகளைக் கோயமுத்தூரில் நர்ஸ் படிப்புக்குச் சேர்த்திருந்தார். அத்தனையும் அந்தச் சின்னத் துண்டுத் தேயிலையிலிருந்து. ஒரு மழைக்காலத்தில் வழுக்கி விழுந்ததிலிருந்து முழங்கால் சரியில்லை. வெறுங்கையோடு மேடேறவே நின்று நின்றுதான் வருவார். தலையில் மூட்டையோடு ஏறுவது நடக்காத காரியம். ஊர் விலகினால் சொசைட்டி லாரி வராது, ஒருத்திக்காக அந்தப் பள்ளத்துக்கு யார் லாரி விடுவார்கள்? அவர் இலை வீட்டு வாசலிலேயே சிவந்துபோகும்.

ஒரு நாள் சீயக்காய் வாங்க வந்தவரை யாரோ வம்புக்கு இழுத்தார்கள். "ஏனுங்க அக்கா, நீங்க எந்தக் கட்சி?"

"கப்பல்ல ஏத்துனப்பவே எந்தக் கட்சின்னு யாரும் கேக்கல தம்பி" என்றார். "ரெண்டு கவர்மெண்டும் பேசி முடிச்சுச்சு, நாங்க எஸ்டேட்டு லயத்து வீட்ட விட்டு மூட்டையத் தூக்குனோம். இப்பவும் லாரி எந்தப் பக்கம் வருதோ, நான் அந்தப் பக்கம்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பேசி முடியாத காரியத்துக்கு எங்கள் ஊரில் ஒரு வழி உண்டு, ஆத்தாளிடம் பூக் கேட்பது. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, இரண்டையும் ஒரே மாதிரிப் பொட்டலமாக மடித்துக் குலுக்கி அவள் காலடியில் வைப்போம். சூடம் காட்டிய பிறகு ஒரு சின்னப் பெண் ஒன்றை எடுப்பாள். வந்த பூவுக்குக் கட்டுப்பட வேண்டும். பெண் பார்ப்பதற்கும் கிணறு வெட்டுவதற்கும் கேட்டதுண்டு. வியாபாரத்துக்குக் கேட்டது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை கூடினோம். எந்தப் பூ எதற்கு என்பதிலேயே சண்டை ஆரம்பித்தது. வெள்ளை மங்கலம் என்று இரண்டு கட்சியும் வெள்ளையையே கேட்டது. பூசாரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "போறது புதுக் காரியம், அதுக்கு வெள்ளை. இருக்கறது இருக்கற காரியம், அதுக்குச் சேப்பு. பேசறவங்கெல்லாம் செருப்பைப் போட்டுட்டு ரோட்டுல போய்ப் பேசுங்க" என்றார்.

குழந்தை பொட்டலத்தை எடுத்தது. பிரித்தால் வெள்ளைச் சாமந்தி.

கொழுந்தனார் கட்சி விழுந்து கும்பிட்டது. கிளார்க் மாமா விடவில்லை. "ஒரு தடவை கேட்டா எப்பிடிங்க? அவசரத்துல சரியாக் குலுக்கல. இன்னொருக்காக் கேக்கலாம்." அவர் பக்கத்து ஆட்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். எங்கள் வீட்டுப் பக்கம் பக்தி அதிகம் என்று ஊருக்குத் தெரியும். மாமா என்னைப் பார்த்தார். "நீ சொல்லு அம்மிணி. மறுக்காக் கேக்கறதுல தப்பிருக்குதா?"

அந்த நேரம் எனக்குக் கஷ்டமான நேரம். மறுபடி கேட்டுச் சிவப்பு வந்தால் கீழ் வளைவு லாரி நின்றுபோகாது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்காவும் என் முகத்தைத்தான் பார்த்தார். ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

"ஒருக்காக் கேட்டது கேட்டதுதானுங்க மாமா. நமக்குப் புடிச்ச பூ வர்ற வரைக்கும் கேட்டுட்டே இருந்தா, அது ஆத்தாகிட்டக் கேக்கறதில்லீங்க. ஆத்தாளுக்கு நாம உத்தரவு போடறதுங்க."

"பாத்தீங்களா, அண்ணியே சொல்லிட்டாங்க" என்றார் கொழுந்தனார்.

"இருங்க தம்பி, இன்னும் முடிக்கல. ஆத்தா போங்கன்னா. கீழ் வளைவை உட்டுப்போட்டுப் போங்கன்னு சொன்னாளா? அக்கா இலை எப்பிடி மேல வரும்? அதைச் சொல்லிப்போட்டுப் போங்க."

யாரோ, "தலைவரு ஜீப்பு சும்மாதான நிக்குது?" என்றார்கள். கொழுந்தனாருக்கு ரோசம் வந்துவிட்டது. நல்ல மனுஷன், ஆனால் நாலு பேர் முன்னால் சீண்டினால் தாங்கமாட்டார். நேரே போய்த் தட்டில் எரிந்த சூடத்தை உள்ளங்கையால் அணைத்தார். "நம்ம இலை எங்க போனாலுஞ் சரி, கீழ் வளைவு இலை முதல்ல போகும். நாங் கொண்டுபோறேன்" என்றார். சூடம் அணைத்துச் சொன்ன சொல் எங்கள் ஊரில் பத்திரத்துக்கு மேல்.

ஊர் விலகியது. முதல் சில மாதங்கள் கொழுந்தனார் சொன்னது சொன்னபடி நடந்தது. விலை கூடத்தான் கொடுத்தார்கள், காசும் கைக்கு வந்தது. கிளார்க் மாமாகூட வாய் மூடி வாங்கிக்கொண்டார். காலையில் ஜீப் கீழே இறங்கி, அக்கா மூட்டையை ஏற்றிக்கொண்டு, வழியில் மற்றவர்களின் மூட்டையையும் சேர்த்து ரோட்டுக்கு வரும். லாரி அங்கே நிற்கும்.

பிறகு மழை பெய்து வெயில் அடித்தது. செடியெல்லாம் ஒரே சமயத்தில் துளிர்த்து, பறித்துக் கை ஓயவில்லை. மலை முழுக்க அப்படித்தான். ஃபேக்டரியில் இலை குவிந்துபோனது. ஒரு நாள் ஏஜென்ட் வந்து, "இனி ஊருக்கு இத்தனை மூட்டைதான், மேல ஒண்ணும் எடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டார். சொசைட்டி இப்படிச் சொன்னதே இல்லை. ரோட்டில் அத்தனை பேரும் மூட்டையோடு நிற்கிறோம். யாருடையது ஏறும், யாருடையது இறங்கும் என்று ஒரே கூச்சல்.

கொழுந்தனார் யாரோடும் பேசாமல் ஜீப்பின் பின்னால் ஏறித் தன் மூட்டைகளை இறக்கிக் கீழே போட்டார். அக்கா மூட்டையை முதலில் லாரியில் ஏற்றினார். மிச்ச இடத்துக்கு மற்றவர்கள் அடித்துக்கொண்டார்கள்.

அடுத்தடுத்த நாட்களும் அதேதான். அவர் வீட்டு இலை சூடேறிச் சிவந்தது. என் ஓரகத்தி அதைக் கேரட்டுக் காட்டில் கொட்டிக்கொண்டே, "சூடத்தை அணைச்சது இவரு, இலையைக் கொட்டறது நானு" என்று ஊர் கேட்கப் பேசினாள். நான் போய்க் கூடக் கொட்டினேன். வேறென்ன செய்வது? என்ன இருந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்டவள் நான்தானே.

அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை. கீழே இருந்து மேலே பார்த்தால் கேரட்டுக் காடு தெரியும். மண்மேல் சிவப்பாக இலை கிடப்பதை அவரே பார்த்துவிட்டார். மறுநாள் ஜீப் போனபோது பாதி மூட்டைதான் வைத்திருந்தாராம்.

"மிச்சம் எங்கீங்க அக்கா?"

"செடியிலயே விட்டுட்டேன். முத்துனாக் கவாத்துல வெட்டி விட்டுக்கிறேன். நீ உன் மூட்டையில பாதி ஏத்து."

அந்த சீசன் முடிகிற வரை இரண்டு வீடும் பாதி பாதிதான் கொடுத்தது. ஒரு காசு லாபமில்லை இருவருக்கும். மகளின் ஃபீசுக்கு அக்கா தோட்டை அடகு வைத்தார்.

சீசன் ஓய்ந்ததும், திரும்பிச் சொசைட்டிக்கே போய்விடலாம் என்ற பேச்சை எடுத்தவர் கொழுந்தனார்தான். கிளார்க் மாமாவுக்கு அன்றைக்குத் தீபாவளி. "என்ன தம்பி, ஓட்டுப் போட்ட வெள்ளைக்காரனே இன்னும் வெளிய போய்ச் சேரல. நீங்க போயிட்டுத் திரும்பியே வந்துட்டீங்க."

"சிரிங்க மாமா, சிரிங்க. இன்னைக்கு உங்க நாளு."

மறுபடி பூக் கேட்கலாமா என்று ஒருவர் கேட்டார். பூசாரி முடியாது என்றுவிட்டார். "ஆத்தாளுக்கு வேற வேலை இருக்குது. நீங்களே பேசுங்க."

பேசினார்கள். சொசைட்டியும் சேர்த்துக்கொள்கிறேன் என்றது. ஆனால் அந்த மழையில் மண்பாதை ஓரம் சரிந்து, ஜீப் போகிற அகலம்தான் மிச்சமிருந்தது. கீழ் வளைவுக்கு லாரி இறங்காது, மேல் ஷெட்டுக்கு மட்டும்தான் வரும் என்றார்கள். மாமா கொதித்தார். அக்காவுக்காகச் சண்டை போட்டுக் கீழே லாரி வாங்கித் தருவதாகச் சொன்னார்.

அக்கா தலையை ஆட்டினார். "எனக்கு லாரி வேணாங்க. அது எப்ப வரும்னு தெரியாம எத்தன நாளு மூடுபனியில நின்னுருக்கேன். எனக்குத் தம்பி ஜீப்பு போதும்."

கொழுந்தனார் திகைத்துப்போனார். "அக்கா, அது தனியாருக்குப் போறப்பச் சொன்னதுங்க. இப்பத்தான் சொசைட்டிக்கே வந்தாச்சே."

"நீ என்னா சொல்லிச் சூடத்த அணைச்ச? இலை எங்க போனாலுஞ் சரின்னுதான சொன்ன?"

அவர் என்னைப் பார்த்தார். அவர் அப்படித்தான் சொன்னார், அத்தனை பேரும் கேட்டோம். "அண்ணி, உங்களாலதான் எல்லாம்" என்றார். பிறகு அவரே சிரித்துவிட்டார். ஓரகத்தி மட்டும் சிரிக்கவில்லை, டீசலுக்கு யார் கொடுப்பது என்று கேட்டாள். அதையும் அக்காவே அங்கேயே பேசி முடித்தார்.

அந்த வெள்ளைப் பூவுக்கு என்ன அர்த்தம் என்று நான் பலநாள் யோசித்ததுண்டு. ஆத்தா எங்களைப் போகவும் சொல்லி, பட்டுத் தெரிந்து திரும்பவும் வைத்தாளா, இல்லை, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாளா, தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்பதுதான்.

இப்போதும் இலை எடுக்கிற நாளில் ஜீப் கீழே இறங்கும். வளைவில் ஒரு ஹார்ன் சத்தம் கேட்கும். அதைக் கேட்டபிறகுதான் நான் என் மூட்டையைக் கட்டுவேன். ஷெட்டில் தராசுக்கு முதலில் வைப்பது அக்கா மூட்டை. நாங்கள் அதற்குப் பின்னால்தான் நிற்போம்.