அல்லிக்குளத்துச் சேறு

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் ஒரு பெண் அவித்த அல்லிக்கிழங்கைக் கூறு வைத்து விற்றுக்கொண்டிருந்தார். ஊர் ஊராகச் சுற்றி எதையெதையோ தின்றவன் நான். அந்தச் சேற்று வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன்.

என் சின்ன வயதில், கோடையில் எங்கள் ஊர்க் குளம் வற்றினால், சோறில்லாத வீடெல்லாம் அதில் இறங்கும். தொடையளவு சேற்றில் கால்விரலால் துழாவிக் கிழங்கு எடுப்போம். அப்படி எடுத்துக்கொண்டிருந்த ஒருநாள் அம்மா சட்டென்று நிமிர்ந்தாள்.

“டேய், தங்கச்சி எங்கடா?”

கரையில் உட்காரவைத்த நான்கு வயதுப் பிள்ளையைக் காணவில்லை. எல்லோரும் கத்தினார்கள். அம்மா மட்டும் காலால் துழாவினாள்.

“முடிடா... தலைமுடி!”

குனிந்து பிடுங்கி எடுத்தாள். தலைகீழாகப் பிடித்து உலுக்கியதும் தங்கை சேற்றைக் கக்கி அழுதாள். மூடிய கைக்குள் ஒரு கிழங்கு இருந்தது. ராத்திரி அதையும் சேர்த்துத்தான் அவித்தோம்.

வலங்கைமானில் இருக்கும் தங்கைக்குப் போன் செய்தேன்.

“அல்லிக்கிழங்கா? ரெண்டு கூறு வாங்கிட்டு வாண்ணே. உப்புப் போட்டு அவிச்சாங்களான்னு கேளு.”

வாங்கினேன். பஸ்ஸில் பையைக் காலடியில் வைத்தேன். வலங்கைமான் வரும்வரை, அதில் படாதபடி கால்விரல்களை மடக்கியே உட்கார்ந்திருந்தேன்.