கடைசி வளைவில் மணப்பெண்

வெர்னா ஹோலூப்புக்கு அறுபத்து மூன்று வயது. அதில் நாற்பத்து நான்கு வருடத்தை இருட்டுக்குள்ளேயே கழித்தவள். பென்சில்வேனியாவில் ஏரிக்கரையை ஒட்டி ரூப் குடும்பம் நடத்தும் கேளிக்கைப் பூங்காவில் 'இருட்டுச் சுரங்கம்' என்ற பேய் சவாரி அவள் பொறுப்பு. இரண்டு பேர் உட்காரும் சின்ன வண்டி, வளைந்து வளைந்து போகும் ஒற்றைத் தண்டவாளம், வண்டியே மூக்கால் முட்டித் திறக்கும் மரக்கதவுகள். சக்கரம் ஒரு விசையை மிதித்தால் விளக்கு பளிச்சென்று எரியும். எலும்புக்கூடோ, மண்டை பிளந்த சுரங்கத் தொழிலாளியோ பல்லை இளிக்கும். எண்ணெய் விடுவதும் பெயிண்ட் அடிப்பதும் அவள்தான். ஊரெல்லாம் ஒட்டடை அடிக்கும். இவள் கடையில் நூல் வாங்கி வந்து ஒட்டடை கட்டுவாள். புருஷன் ஜீன் செத்த மூன்றாம் நாள் வேலைக்கு வந்துவிட்டாள். அழுவதற்கு அதைவிட வசதியான இடம் ஊரில் ஏது என்று கேட்டாள்.

இந்த மே மாதம் அந்த இடத்துக்கே உலை வைக்கப் பார்த்தான் முதலாளி கர்ட்டிஸ் ரூப். சுரங்கத்தை இடித்துவிட்டுத் திரையில் படம் ஓடும் புதுச் சவாரி வைக்கலாம் என்று ஒரு கம்பெனி அவனுக்கு ஆசை காட்டியிருந்தது. பழைய பேய் சவாரிகளைத் தேடித் தேடி ஏறும் ரசிகர் சங்கம் ஒன்று சனிக்கிழமை வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை நாற்பது மைல் தள்ளியிருக்கும் மார்லோ பூங்காவின் பேய் மாளிகை, மறுநாள் இந்தச் சுரங்கம். இரண்டில் எது உசத்தி என்று தங்கள் பத்திரிகையில் எழுதுவார்கள். சுரங்கம் என்று எழுதினால் அது பிழைக்கும், வெர்னாவும் பிழைப்பாள். இல்லையென்றால் திங்கட்கிழமை இடிக்க ஆள் வரும்.

இந்த நேரத்தில்தான் மணப்பெண் விவகாரம் கிளம்பியது. பூங்காவுக்குக் கடிதம் எழுதும் பழைய ஆட்களில் முக்கால்வாசிப் பேர், கடைசி வளைவில் மேலே வந்து விழும் வெள்ளை உடை மணப்பெண்ணை நினைத்து உருகுவார்கள். அப்படி ஒருத்தி இந்தச் சுரங்கத்தில் என்றைக்குமே இருந்ததில்லை. அவள் மார்லோ மாளிகைக்காரி. சின்ன வயதில் இரண்டிலும் ஏறியவர்கள், வயதான பிறகு அவளைக் கொண்டுவந்து இங்கே குடிவைத்துவிட்டார்கள். இங்கே கடைசி வளைவில் இருப்பது வெறும் கறுப்புச் சுவர். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும், பலகை இடுக்கு வழியாக ஏரிக்காற்று முகத்தில் அடிக்கும், அவ்வளவுதான். இதை எத்தனை தடவை சொன்னாலும் கர்ட்டிஸ் காதில் ஏறவில்லை.

“ஆறு வயசுல நானே பாத்திருக்கேன், வெர்னா. நீங்கதான் என்னை வண்டில ஏத்தி விட்டீங்க.”

“ஏத்தி விட்டது நான்தான். நீ பாத்தேன்னு சொல்றவ மட்டும் அங்க இல்ல, முதலாளி.”

அவன் ஒஹையோவிலிருந்து ரப்பர் முகமும் புதுக் கருக்குக் கலையாத சரிகை உடையுமாக ஒரு மணப்பெண் பொம்மையை வரவழைத்து, மாட்டுங்கள் என்றான். வெள்ளிக்கிழமை வெர்னா மாட்டினாள்.

மாட்டினாளே தவிர, மனசு ஒப்பவில்லை. அந்தச் சங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் இருட்டில் ஒரு சுற்று. பிறகு எல்லா விளக்கையும் போட்டுவிட்டு உள்ளே நடந்து போய் ஒவ்வொரு பொம்மையாகப் பார்ப்பார்கள். பழசு நொண்டினால் மன்னிப்பார்கள். புதுசைப் பழசு என்று காட்டினால் ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டார்கள். பொம்மை இருந்தால் சுரங்கம் போகும், கழற்றினால் கர்ட்டிஸ் கையால் வேலை போகும். சனிக்கிழமை பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வெர்னா உள்ளே போனாள். கம்பியைக் கழற்றி, மணப்பெண்ணை இறக்கி, சுவருக்குப் பின்னால் கிடத்திக் கித்தானைப் போர்த்தினாள்.

முதல் வண்டியில் கர்ட்டிஸே ஏறினான், பக்கத்தில் சங்கத் தலைவர் ஆல்டன் பீச்சி. வெர்னா வெளியே நின்று கதவு முட்டும் சத்தங்களை எண்ணினாள். ஏழாவது கதவும் முட்டியது. அடுத்து அந்த வளைவு. திடீரென்று உள்ளே ஒரு அலறல். யாருக்கோ கை மாட்டிக்கொண்டதென்று நினைத்து, வண்டியை நிறுத்தும் விசைக்கு அவள் பாய்வதற்குள் வண்டி வெளியே வந்துவிட்டது.

“தூக்கிவாரிப் போட்டுடுச்சு, வெர்னா,” என்றான் கர்ட்டிஸ், வெளிறிய முகத்தோடு சிரித்துக்கொண்டு. “மேலயே விழுந்துட்டா.”

“முக்காடு என் மூஞ்சில பட்டுது,” என்றார் பீச்சி.

பின்னால் வந்த வண்டிகளிலும் பாதிப் பேர் அதையேதான் சொன்னார்கள். இனி விளக்கு.

விளக்கைக் கர்ட்டிஸே போட்டான். எல்லாரும் எலும்புக்கூட்டையும் சுரங்கத் தொழிலாளியையும் பார்த்து, குறிப்பெடுத்து, கடைசி வளைவுக்கு வந்தார்கள். அங்கே கறுப்புச் சுவர். கர்ட்டிஸ் மேலே பார்த்தான், பக்கத்தில் பார்த்தான், பிறகு கித்தானுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ரப்பர் பாதத்தைப் பார்த்தான். அவன் கழுத்து சிவந்தது.

“எப்போ கழட்டினீங்க?”

“நீ ஏறுறதுக்கு முன்னாடி.”

எழுதிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். பீச்சி பலகை இடுக்கில் உள்ளங்கையை வைத்து, காற்று அடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நேத்து மார்லோவுல அவளை லைட் போட்டுப் பாத்தோம்,” என்றார். “கன்னத்துல தையல் தெரிஞ்சுது. இனிமே அவளுக்கு என்னால பயப்பட முடியாது. இதுதான் உசத்தின்னு எழுதறேன். ஏன்னு மட்டும் எழுத மாட்டேன், எழுதினா அடுத்து ஏறுறவங்க மேல அவ விழ மாட்டா. லைட்டை அணைச்சிருங்கம்மா.”

சுரங்கம் பிழைத்தது. ஆனால் வெர்னாவின் வேலை கர்ட்டிஸ் கையில் இருந்தது. வெளியே வந்ததும் வண்டியைக் காட்டி, ஏறுங்கள் என்றான். உள்ளே வைத்துத்தான் வேலையை விட்டு அனுப்பப் போகிறான் என்று வெர்னா ஏறினாள். பீச்சி விசையை இழுத்துவிட்டார். ஒவ்வொரு கதவாக முட்டித் திறந்தது. ஏழாவது கதவு. பிடிகம்பியில் அவன் கை இறுகியது. சுவர் வெறும் சுவர் என்று அரை மணிக்கு முன்னால் கண்ணால் பார்த்தவன், குலுக்கல் வந்ததும் ஆறு வயதுப் பையனாகத் தலையைக் குனிந்துகொண்டான். காற்று முகத்தில் அடித்தது.

வெளிச்சத்துக்கு வந்ததும் வண்டி நின்றது.

“திங்கட்கிழமை அந்தப் பொம்மையைத் திருப்பி அனுப்பிடுங்க,” என்றான். பிறகு அவளைத் திரும்பிப் பார்த்துக் கேட்டான். “நீங்க எதுக்குக் குனிஞ்சீங்க?”

வெர்னாவின் மோவாய் நெஞ்சோடு ஒட்டியிருந்தது. அந்த வளைவில் ஒவ்வொரு ஆணியும் அவள் அடித்தது. இருந்தாலும், உடனே தலையை நிமிர்த்த அவளுக்குப் பயமாக இருந்தது.